மஞ்சளூத்து இழுத்த மூச்சு

தை மாதம், மாட்டுப் பொங்கல் முடிந்து மாடுகளின் கொம்பில் பூசிய வர்ணம்கூட உதிராத ஒரு சாயங்காலம், சந்திரோதயம் டாக்கீஸில் இடைவேளை முடிந்து விளக்கை அணைத்ததும் போட்ட ஒரு பேய்ப் பட டிரெய்லரைப் பார்த்து, மஞ்சளூத்துக்காரர்கள் நாங்கள் மூச்சை உள்ளே இழுத்தோம். இழுத்ததை வெளியே விடவில்லை.

நாங்கள் பார்க்கப் போனது பேய்ப் படம் இல்லை. அண்ணன் தங்கை பாசத்தைப் பற்றிய படம். அதனால்தான் கைக்குழந்தைக்காரிகளும், முழங்கால் வலிக்காரர்களும், வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவர்களும் ஒருவர் விடாமல் போயிருந்தோம். மாசமாக இருக்கிறவளைப் பேய்ப் படத்துக்கு அனுப்பக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. பாசப் படத்துக்கு நடுவில் பேய் வந்து உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

திரையில் முதலில் ஒரு வீடு வந்தது. எங்கள் வீடுகளைப் போலவே சாதாரண வீடு. ஃப்ரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் பூ, சுவரில் பால்கடைக் காலண்டர், கொடியில் ஈரத் துண்டு. ஒரு பெண் முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அடுப்பில் குக்கர் இரைந்துகொண்டிருந்தது, கேமரா அவளை நோக்கிப் பால் குடிக்க வரும் பூனை மாதிரி, தரையோடு தரையாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் காதுக்குக் கேட்காமல் அடிவயிற்றுக்கு மட்டும் கேட்கிற ஒரு முனகல், எங்கோ தூரத்தில் லாரியை அணைக்காமல் நிறுத்திவைத்தது போல. பிறகு துண்டு துண்டாக வந்தன: கதவின் கொண்டி, ஒரு குழந்தையின் கொலுசு, வாளித் தண்ணீரில் ஒரு முகம், மறுபடி கொண்டி, கொலுசு, முகம், ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிடச் சிறியதாக, எங்கள் நெஞ்சு அடிப்பதை முந்திக்கொண்டு. அப்புறம் எல்லாச் சத்தமும் ஒரே பிடியில் பிடுங்கியது போல நின்றது. டாக்கீஸின் மின்விசிறிகள்கூட நின்றுவிட்டதாகத்தான் தோன்றியது. அந்தப் பெண் திரும்பினாள், முகம் தெரிவதற்குள் திரை கறுத்தது, அந்தக் கறுப்புக்குள் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். கிணற்றுக்குள் விழப்போகிறவள் கடைசியாக ஊரைப் பார்த்து இழுப்பாளே, அந்த மூச்சு. அவளோடு சேர்ந்து டாக்கீஸே இழுத்தது. பிறகு ஏதோ எழுத்து வந்தது. படத்தின் பெயராக இருக்கும். ஒருவரும் படிக்கவில்லை.

பாசப் படத்தின் மீதியைப் பார்த்து, வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, சுவரில் முதுகைச் சாய்த்து, "அப்பாடா" என்று சொல்லப் போனபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஒரு சொல் வரவில்லை. காதுப் பக்கம் ஏறிய தோள்கள் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பழகிக்கொண்டோம். தேம்பித் தேம்பி அழுத பிள்ளை பேசுமே, அதுபோல மூச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தபடியே பேசக் கற்றுக்கொண்டோம். இழுக்க இன்னும் நெஞ்சில் இடமா இருந்தது என்று கேட்டால், இருந்தது. மனிதர்களுக்கு எப்போதும் இருக்கிறது. ஒரே சங்கடம், எதைச் சொன்னாலும் இடி விழுந்த சேதி மாதிரி ஒலித்தது. "மதினி, கறிவேப்பிலை இருக்கா!" என்று ஒருத்தி கேட்டால் அடுத்த வீட்டுக்காரி நெஞ்சில் கை வைத்தாள். "பஸ் போயிருச்சா!" என்று ஒருவர் கேட்டால் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஊரே திடுக்கிட்ட முகத்தோடு உப்பு வாங்கியது, திடுக்கிட்ட முகத்தோடு தண்ணீர் பிடித்தது, திடுக்கிட்ட முகத்தோடு மொய் எழுதியது.

யாராலும் ஊதிக் குடிக்க முடியாததால் டீக்கடைக்காரர் ஆற்றி ஆற்றியே கையை நோகடித்துக்கொண்டார். கண்டக்டர் விசிலைப் பையில் போட்டுவிட்டு பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். பிறந்த நாள் மெழுகுவத்தியைப் பரீட்சை அட்டையால் விசிறி அணைத்தார்கள். பெண்களுக்கு ரவிக்கையின் கொக்கி எட்டவில்லை. தையல்கார முனியாண்டி ஊர் ரவிக்கைகள் அத்தனையையும் பக்கத் தையல் பிரித்துவிட்டார். சிரிப்பு நின்றது, ஏனென்றால் சிரிப்பு வெளியே போகிற காற்று. குறட்டையும் நின்றது, பல வருஷம் குறட்டையைத் திட்டிய பெண்கள், சத்தம் இல்லாத இருட்டில் தூக்கம் வராமல் புருஷன் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தார்கள்.

அன்றைக்கு டாக்கீஸுக்குப் போகாதவர்கள் கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்த்தார்கள். முடியவில்லை. எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற ஊரில் தளர்ந்த தோளோடு நடப்பது ஏதோ குற்றம் செய்தது போல இருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை இழுத்தவரா, இழுக்காதவரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் அவர்களும் டிக்கெட் எடுத்துப் போய், டிரெய்லரைப் பார்த்து, மூச்சை இழுத்துக்கொண்டு, பாசப் படத்துக்கு இருக்காமல் திரும்பி வந்தார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் போகவில்லை. "நானும் போய் இழுத்துக்கிட்டா பிரசவம் யாரு பார்க்கிறது? போங்க, போய் வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டாள். ஊரில் பெருமூச்சு விடத் தெரிந்த ஒரே பொம்பளை அவள்தான் என்று ஆகிவிட்டது. வேலை முடிந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து "ஸ்ஸப்பா" என்று விடுவதைக் கேட்பதற்காகவே சில கிழவர்கள் இரத்த அழுத்தம் பார்க்க வந்தார்கள்.

பிள்ளைகள் பயந்தால் எந்தச் சாதி, எந்தச் சாமியாக இருந்தாலும் தர்கா வாசலில் காதர் பாவாவிடம் தூக்கிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அவர் ஓதி, உச்சந்தலையில் ஊதுவார், பிள்ளை தூங்கிவிடும். இப்போது ஊரே வரிசையில் நின்றது. டாக்கீஸ் வாசலையே மிதிக்காத பாவா எல்லோர் தலையிலும் ஊதினார், கன்னம் வலிக்க ஊதினார். கடைசியில் தடியை ஊன்றி எழுந்து, "நான் உங்க மேல ஊதலாம்மா, உங்களுக்குள்ள இருந்து நான் ஊத முடியாதே," என்றார். அதுவும் உண்மைதான் என்று திரும்பினோம்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது, சந்தனக்குமார் வாத்தியார் இறக்கும் வரை. அவர் வயதானவர், படுக்கையில் இருந்தவர், எதிர்பார்த்த சாவுதான். ஆனால் சாவு வீட்டில் ஒருவர்கூட அழவில்லை. அழ முடியவில்லை. ஒப்பாரிக்கு வாய் திறந்த பெண்களுக்கு உள்ளேதான் போனது, வெளியே வரவில்லை. தோளை உயர்த்தி, கண்ணை அகட்டி, வாயைத் திறந்தபடி நூறு பேர் சத்தமில்லாமல் பிணத்தைச் சுற்றி நின்றோம். அவரை எடுத்துப் போன பிறகும் அது மாறவில்லை. வாத்தியாரின் மனைவி புவனேஸ்வரி ஒவ்வொரு காலையிலும் எழுந்து, காலியான கட்டிலைப் பார்த்து, அப்போதுதான் சேதி கேட்டவள் போல நெஞ்சைப் பிடித்தாள். பதினாறாம் நாள் காரியத்திலும் அப்படித்தான் நின்றாள். அதிர்ச்சி துக்கமாக மாறுவதற்கு ஒரு வழி வேண்டும், அந்த வழி ஒரு பெருமூச்சு அளவுக்குத்தான் அகலம், அது எங்களுக்கு அடைத்துவிட்டது என்பது அவளைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

அதன் பிறகு எல்லோரும் மாலினியின் வயிற்றைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தோம்.

மாலினி மினி வேன் ஓட்டும் திருக்குமரனின் மனைவி. தலைப் பிரசவம். அன்று டாக்கீஸில் நடு வரிசையில் உட்கார்ந்து, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களோடு சேர்ந்து மூச்சை இழுத்தவள். அவளுடைய அம்மா செண்பகம் போன ஐப்பசியில்தான், கட்டிலில் உட்கார்ந்திருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டாள். தலைப் பிரசவம் அம்மா பார்க்க வேண்டியது. அம்மா இல்லாவிட்டால் அம்மாவின் கூடப் பிறந்தவள். செண்பகத்துக்கு ஒரே தங்கை, சென்னையில் சினிமாவுக்கு டப்பிங் குரல் கொடுக்கும் அங்கயற்கண்ணி. திரையில் நாயகி வாயசைக்க, கண்ணாடி அறைக்குள் நின்று இவள் பேசுவாள், சிணுங்குவாள், பேயைக் கண்டால் அலறுவாள்.

"சித்தி வர வேணாம்," என்றாள் மாலினி. "எங்கம்மா செத்ததுக்கு வந்து நின்னாங்களே, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாங்களா? ஊருக்கெல்லாம் காசு வாங்கிட்டு அழுவுறவங்க!"

அவள் சொன்னது ஊர் சொன்னதுதான். செண்பகத்தின் உடலுக்குப் பக்கத்தில் கண்ணி கல் மாதிரி நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சென்னைக்காரி, நடித்து நடித்து நிஜம் மறந்துபோச்சு என்று பேசிக்கொண்டோம்.

யார் வேண்டாம் என்றாலும் கண்ணி வந்தாள். பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கி, "மாலினி வீடு அதே வீடுதானா!" என்று கேட்டாள். தோள் காதருகே. கண் அகன்று. சொல் உள்ளே போன காற்றில்.

நிறுத்தத்தில் இருந்த முனியாண்டி இரக்கத்தோடு, "அடடா, சென்னையிலயும் போட்டாங்களா! நீங்களும் அந்த டிரெய்லரைப் பார்த்துட்டீங்களா, தாயி!" என்றார்.

"எந்த டிரெய்லர்!" என்றாள் கண்ணி.

பாசப் படம் போய் வேறு படம் வந்தும் டிரெய்லரை மட்டும் நாங்கள் நிறுத்தவிடவில்லை, இன்னும் பார்க்காத வெளியூர் மருமகள்களுக்காக. அதையெல்லாம் முனியாண்டி விளக்கினார். கண்ணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். தான் அந்த மாதிரி எதையும் பார்க்கவில்லை என்றாள். ஐப்பசியிலிருந்தே தனக்கு மூச்சு இப்படித்தான் இருக்கிறது என்றாள். டப்பிங் அறையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம். அதற்கப்புறம் பேய்ப் பட வாய்ப்புதான் நிறைய வருகிறதாம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏற்கெனவே திடுக்கிட்ட முகங்களில் இன்னொரு திடுக்கிடலைக் காட்ட இடம் இல்லை.

கண்ணி வந்த மறுநாளே மாலினிக்கு வலி எடுத்தது. வலி ஏறியது, உச்சிக்குப் போனது, அங்கேயே நின்றது. இறங்கவில்லை. இறங்கினால்தானே அடுத்தது வரும். எஸ்தர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "ஏத்தா, மூச்சை விடு. இழுத்தது போதும். விட்டாத்தான் பிள்ளை இறங்கும்," என்று கெஞ்சினாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே மயக்க மருந்து டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே போன காற்று வெளியே வராதவளுக்கு மருந்து கொடுத்தால் அவள் திரும்ப எழுந்திருப்பாளா என்று தன்னால் சொல்ல முடியாது, கத்தி வைக்கச் சொல்லாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மினி வேனிலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள். "இன்னைக்கு, மிஞ்சிப்போனா நாளைக்கு, அதுக்குள்ள பிறந்தாகணும்," என்றாள் எஸ்தர். "பிள்ளைத் துடிப்பு மெலிஞ்சுக்கிட்டே வருது." மாலினி வலியின் உச்சியில், மலையேறி இறங்கத் தெரியாத ஆட்டுக்குட்டி மாதிரி, கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

டாக்கீஸ் மேனேஜர் பரஞ்சோதி யார் யாருக்கோ போன் போட்டு, அந்த டிரெய்லரை வெட்டி ஒட்டிய எடிட்டரைக் கண்டுபிடித்தார். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். இன்பராஜ் என்று பெயர். ஒல்லியான பையன், கழுத்தில் ஹெட்போன், முதுகில் லேப்டாப். அவனுக்கு மட்டும் தோள் இறங்கியிருந்தது. "எப்ப என்ன வரும்னு எனக்குத் தெரியுமேண்ணே, அதனால நான் மூச்சை இழுக்கல," என்றான். பகல் காட்சியை ரத்து செய்துவிட்டு, டாக்கீஸில் அவனைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, ஊரே நாற்காலிகளில் உட்கார்ந்து விசாரித்தோம்.

"கேமரா ஏன்டா அவ்வளவு மெதுவா வந்துச்சு!" என்றார் முனியாண்டி.

"வேகமா வந்தா, யாரோ வர்றாங்கன்னு தோணும்ணே. மெதுவா வந்தா, வர்றது நீங்கதான்னு தோணும். அந்தப் பொண்ணுகிட்டப் போறது நீங்க. திரும்பிப் போக முடியாதது நீங்க."

"அடியில லாரி மாதிரி ஒண்ணு முனகுச்சே!"

"அது கேட்கக் கூடாதுண்ணே. காதுக்குத் தெரியாம வயித்துக்கு மட்டும் தெரியணும். அப்பத்தான் எதுக்குப் பயப்படுறோம்னு தெரியாமப் பயப்படுவீங்க."

"எங்க வயித்தோட உனக்கு என்னடா பேச்சு!" என்றாள் பூக்காரி தங்கப்பொண்ணு. "அந்தக் கொண்டியை எதுக்கு அத்தனை வாட்டி காட்டுன! நாங்க கொண்டியே பார்க்காத சனமா!"

"ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் குறைச்சேன்க்கா. கண்ணு பார்த்து முடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டா, மனசு அங்கேயே நின்னுரும். அப்புறம் சத்தத்தை எடுத்தேன். சத்தம் இருந்தா மனுஷன் அதுல சாஞ்சுக்குவான். சாஞ்சிருக்கிற சுவரை எடுத்த மாதிரி."

"சரி, எல்லாம் பண்ணுன. அந்தப் பொம்பளை மூச்சை இழுத்தாளே, அலறல் எங்க! இழுத்தா அலறணும்ல!"

இன்பராஜ் தலையைக் குனிந்தான். "அலறல் வந்தா உங்களுக்கு நிம்மதி வந்துரும்க்கா. ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, முறுக்கைத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. படத்துக்கு வரமாட்டீங்க. டிரெய்லர்ல இழுக்க மட்டும்தான் செய்யணும். விடுறது படத்துல."

"அப்ப படத்தைப் போடு! அதுலயே விட்டுக்கிறோம்!" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது.

"படம் இல்லண்ணே," என்றான். "பாதியில நின்னுபோச்சு. இனிமே எடுக்கவும் மாட்டாங்க. டிரெய்லர் மட்டும்தான் இருக்கு."

மொத்த டாக்கீஸும் இன்னும் ஒரு விரற்கடை மூச்சை இழுத்தது.

அவனும் சும்மா இருக்கவில்லை, பாவம். லேப்டாப்பை இணைத்து, அந்த மூச்சுக்குப் பின்னால் அவனிடமிருந்த அலறல்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் போட்டுக் காட்டினான். இளம் பெண்ணின் அலறல், கிழவியின் அலறல், மிருக அலறல். தங்கப்பொண்ணு சொன்னாளென்று ஒரு தும்மலைக்கூட ஒட்டினான். எதுவும் அந்த மூச்சில் ஒட்டவில்லை. அடுத்தவள் தாலியை இவள் கழுத்தில் கட்டியது போல இருந்தது.

அப்போதுதான் கண்ணி டாக்கீஸுக்குள் வந்தாள். பையனைக் கையோடு சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போய், மாலினிக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க வந்தவள். திரையில் கொண்டி, கொலுசு, முகம்; சத்தம் நின்றது; திரை கறுத்தது; மூச்சு. கண்ணி கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் மூச்சு!" என்றாள்.

இன்பராஜ் திரும்பி இருட்டில் அவளைத் தேடினான். "யாருக்கா நீங்க?"

"ஐப்பசி மாசம். டப்பிங் அறை. நான் அலறுறதுக்காக மைக் முன்னாடி நின்னேன்."

அவன் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றினான். "அக்கா, அது வேஸ்ட் டிராக்ல கிடந்துச்சு. யாரோடதுன்னு பேர் இல்ல. வழக்கமா அலறலுக்கு முன்னாடி இழுக்கிற மூச்சைத்தான் வெட்டிப் போடுவோம், அதுல மூச்சு மட்டும் இருந்துச்சு. அலறல் இல்ல. அவ்வளவு நிஜமா ஒரு மூச்சை நான் கேட்டதே இல்லக்கா. அதான் எடுத்து வச்சேன். நல்லா நடிச்சிருக்காங்கன்னு..."

"நடிக்கல," என்றாள் கண்ணி. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் வந்துச்சு. சவுண்ட் இன்ஜினியர் பேசினான், என்னைப் பார்த்தான், வாயை அசைச்சான். ஒன்னும் கேக்கல. முப்பது வருசமா வாய் அசையுறதைப் பார்த்துப் பேசுற எனக்கு அது தெரியாதா! 'உங்க அக்கா' ன்னான். நான் மூச்சை இழுத்தேன். மைக் திறந்திருந்துச்சு."

நாங்கள் தை மாதத்திலிருந்து நெஞ்சில் வைத்துக்கொண்டு உப்பு வாங்கியதும், தண்ணீர் பிடித்ததும், மாப்பிள்ளை பேசியதும் செண்பகத்தின் சாவைக் கேட்ட மூச்சோடு. நாலு தெரு தள்ளிக் குடியிருந்த செண்பகம். எங்கள் கல்யாணங்களுக்கு வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்த செண்பகம். அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று நாங்கள் பழித்த பெண், அன்றையிலிருந்து மூச்சே விடவில்லை.

பிறகு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நாங்கள் எல்லோரும் எழுந்து அவளை நோக்கிப் போனோம். விடு தாயி, நீ விட்டாத்தான் நாங்க விட முடியும், நீ விட்டாத்தான் மாலினி விட முடியும் என்று சொல்லிக்கொண்டே போனோம். யாரோ ஓடிப்போய் செண்பகத்தின் போட்டோவைக் கொண்டுவந்தார்கள். இன்னொருத்தி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டு வந்தாள். சுகாதார நிலையம் வரை அவளை நடுவில் வைத்து மெதுவாக நடந்தோம். மாலினியின் கட்டிலருகே அவள் உட்கார்ந்தபோது, வாசலிலும் ஜன்னல்களிலும் ஊர் முழுதும் முகத்தை வைத்து, ஒரு சத்தம் இல்லாமல், அவள் எப்போது அழுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணியின் மூச்சு இன்னும் உள்ளேதான் போனது.

இன்பராஜ்தான் கத்தினான். "எல்லாரும் பின்னாடி போங்க! நீங்க இப்பப் பண்றதும் நான் பண்ணினதும் ஒண்ணுதான்! மெதுவா நெருங்குறீங்க, சத்தத்தை நிறுத்திட்டீங்க, அவங்க மூஞ்சியையே பார்க்குறீங்க. இது மூச்சை இழுக்கத்தான் வைக்கும்."

"வேற என்னதான்டா செய்ய!" என்றார் பரஞ்சோதி.

"தூரமாப் போங்க. அவங்கவங்க வேலையைப் பாருங்க. சத்தம் போடுங்க, சாதாரணச் சத்தம். அவங்க என்ன பேசினாலும் நடுவுல யாரும் வெட்டாதீங்க."

நாங்கள் போனோம். அந்த நண்பகலில் மஞ்சளூத்து சாதாரணமாக இருக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. தேவையே இல்லாமல் மிக்ஸியில் தேங்காய் அரைத்தோம். கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினோம். முனியாண்டி துணி இல்லாமல் மெஷினை மிதித்தார். எஸ்தர் மட்டும் அறையில் இருந்தாள், அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பஞ்சு உருட்டினாள். உள்ளே நடந்தது அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வெகுநேரம் கழித்து மாலினிதான் கேட்டாளாம். "உங்களுக்குத் தெரிஞ்ச உடனே என்ன ஆச்சு சித்தி!"

"மூச்சை இழுத்தேன்."

"அப்புறம்!"

"அவன் பழக்கத்துல 'டேக் ஓகே' ன்னான். அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டான்."

"அப்புறம்!"

"செருப்பைத் தேடினேன். பஸ் ஏறினேன். பக்கத்துல உக்காந்தவ கொய்யாப்பழம் குடுத்தா. தின்னேன். இனிப்பா இருந்துச்சு."

"அப்புறம்!" மாலினி கம்பியைப் பிடித்த கையை எடுத்து சித்தியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிரியத்தில் இல்லை, பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

"வந்தேன். உங்கம்மாவை நடுவீட்டுல படுக்க வச்சிருந்தாங்க. கால் பெருவிரலைச் சேத்துக் கட்டியிருந்தாங்க. வலது கால் நகத்துக்கு மட்டும் பாலிஷ் போட்டிருந்தா. இடது காலுக்குப் போடல."

"அது நான் வாங்கிக் குடுத்த பாட்டில்," என்றாள் மாலினி. "நடுவுல போயிட்டா. அப்புறம்!"

"எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நான் அடுப்படிக்குப் போயிட்டேன். குக்கர்ல அக்கா காலையில வச்ச சோறு இருந்துச்சு. ரசம் இருந்துச்சு. ஊத்திச் சாப்பிட்டேன். நின்னுக்கிட்டே. வழிச்சு."

சாவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும் வரை யாரும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு தொடமாட்டோம். சமைத்திருந்ததை எடுத்து வெளியே கொட்டிவிடுவோம்; அன்றைக்கு யாரோ மறந்திருக்கிறார்கள். எஸ்தர்கூடப் பஞ்சு உருட்டுவதை நிறுத்திவிட்டாளாம்.

"எங்கம்மாவை எடுக்குறதுக்கு முன்னாடியா!"

"ஆமா."

மாலினி அவளையே பார்த்தாள். "அந்தச் சோத்தை நீங்களா தின்னீங்க! நாய் தின்னுருச்சுன்னு நினைச்சு, கோடி வீட்டு நாயைக் கட்டையால வெளுத்துட்டேனே சித்தி! அது இன்னைக்கு வரைக்கும் நம்ம தெருப் பக்கமே வர்றதில்ல!"

கண்ணி இன்னும் ரசம் ஒட்டியிருப்பது போல, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரசம் எப்படி இருந்துச்சு!" என்றாள் மாலினி.

"உப்பே இல்லடி," என்றாள் கண்ணி. "செத்த அன்னைக்காவது போட்டிருக்கலாம்ல. எங்கக்கா என்னைக்குடி ரசத்துக்கு உப்புப் போட்டா..."

அங்கே ஏதோ ஒன்று வழுக்கியது. கண்ணியின் மூக்கிலிருந்து முதலில் ஒரு சின்னக் காற்று வந்தது, துருத்தி ஓட்டையான மாதிரி. பிறகு தொண்டையிலிருந்து ஒரு கனைப்பு. அப்புறம் அவள் சிரித்தாள். ஐப்பசியிலிருந்து அடைத்துவைத்த காற்றெல்லாம் சிரிப்பாக வந்தது, குலுங்கிக் குலுங்கி, எச்சில் தெறிக்க, சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்காமல் வந்தது.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். மஞ்சளூத்து மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டது. கொடிகளில் துணி மேற்கே பறந்தது. கோயிலில் விளக்குகள் அணைந்தன, தர்காவின் பச்சைத் துணி ஒரு முழம் எழுந்து படிந்தது, சந்திரோதயம் டாக்கீஸின் வெள்ளைத் திரை பிள்ளைத்தாச்சி வயிறு போலப் புடைத்து அடங்கியது. தெருவில் நின்றவர்கள் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். பிறகு வாத்தியார் வீட்டிலிருந்து புவனேஸ்வரியின் குரல் கேட்டது. "என் ராசா" என்று தொடங்கியது, பொழுது சாயும் வரை நிற்கவில்லை. யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. தாமதமாக வந்த சாவுக்குப் போவதுபோல, பக்கத்தில் போய் உட்கார்ந்து எங்கள் பங்கை அழுதோம். அவளுக்கு அழுது முடித்து செண்பகத்துக்கும் அழுதோம்.

உள்ளே மாலினி பெரும் சத்தத்தோடு மூச்சை விட்டாள், வலி இறங்கியது, இறங்கிய வேகத்தில் அடுத்தது ஏறியது. "இப்பத்தாண்டி பிரசவம் மாதிரி இருக்கு," என்று எஸ்தர் கையுறையை மாட்டினாள். அதிக நேரம் ஆகவில்லை. பெண் பிள்ளை.

ஆனால் அது அழவில்லை. எஸ்தர் அதைத் தலைகீழாகப் பிடித்தபோது, பிறந்த பிள்ளை எல்லாம் முதலில் மூச்சை இழுக்குமே, அதற்கு மாறாக அது விட்டது. நீளமாக, நிதானமாக, தலைச்சுமையை இறக்கி வைத்த பொம்பளை மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது. வயிற்றுக்குள் இருந்தபடி எங்களோடு சேர்ந்து டாக்கீஸில் அதுவும் இழுத்திருக்க வேண்டும். அப்புறம்தான் அது உலகத்துக் காற்றை முதன்முதலாக உள்ளே இழுத்தது, இழுத்து, வீரிட்டது.

பிள்ளையைத் துடைத்து மாலினியின் மார்பில் போட்டார்கள். மாலினி அதன் காலைத் தூக்கிப் பார்த்தாள், ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தவளின் உதடு கோணியது.

"சித்தி," என்றாள். "எங்கம்மா இல்லையே சித்தி."

"இல்லடி," என்றாள் கண்ணி. "இல்ல."

அதன் பிறகு சித்தியும் மகளும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகை நாலு தெருவுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தில் பிள்ளை தன் அழுகையை நிறுத்திவிட்டு, கட்டை விரலை வாய்க்கு அருகே கொண்டுபோன கை அப்படியே நிற்க, கண்ணை அகலத் திறந்து, இது என்ன இடம் என்பது போல அவர்கள் இருவரின் அழுகையையும் கேட்டுக்கொண்டே கிடந்தது.